ஸ்டுடியோ வாசலில் ஒரு சோதனைச் சாவடி

நகரத்துச் சோதனைச் சாவடிகளை ஒவ்வொன்றாக அகற்றிக்கொண்டிருந்த காலத்தில்தான், நான் வேலை செய்த ஸ்டுடியோவின் வாசலில் புதிதாக ஒன்றைத் திறந்தேன். அதற்கு மணல் மூட்டையோ தகரக் கூரையோ இருக்கவில்லை. ஒரு பழைய கணினி, ஒரு மேசை, ஒரு முக்காலி, ஒரு ரப்பர் முத்திரை. முக்காலியில் நான்.

போர் முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தொழில்நுட்பக் கல்லூரியில் கணினிப் படிப்பை முடித்துவிட்டு, சித்தாண்டியிலிருந்து தினமும் பஸ் ஏறி மட்டக்களப்புக்கு வந்து, வாவிக்கரையை அண்டிய தெருவொன்றில் இருந்த அந்த ஸ்டுடியோவில் சேர்ந்திருந்தேன். வேலைக்கு எடுக்கும்போது முதலாளி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“தங்கச்சி, இந்த வைரஸ் எண்டுறத்த நிப்பாட்ட ஏலுமா?”

“முழுசா ஏலா அண்ணன். குறைக்கலாம்.”

“உண்மை சொல்ற ஆள். நாளைக்கே வாங்க.”

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்திய வருடம் ஒரு கலியாணத்தின் படங்கள் முழுவதையும் வைரஸ் தின்றுவிட்டிருந்தது. வேறு வழியில்லாமல் மாப்பிள்ளையையும் பொம்பிளையையும் மறுபடி உடுத்திக்கொண்டு வரச் சொல்லி, ஸ்டுடியோவுக்குள்ளேயே வாழை கட்டி, மறுபடி தாலி கட்ட வைத்துப் படம் எடுத்திருக்கிறார். பொம்பிளைக்கு அப்போது ஐந்து மாதம். அந்த அல்பத்தில் எல்லாப் படங்களிலும் அவர் நெஞ்சுக்கு நேரே ஒரு பெரிய பூச்செண்டு பிடித்திருப்பார். வயிற்றுக்கு நேரே மாப்பிள்ளையின் தங்கை ஒரு குத்துவிளக்கைப் பிடித்திருப்பார்.

ஸ்டுடியோவில் மூன்று கணினிகள். பின்னறையில் இருந்தது முதலாளியின் கணினி. கலியாண அல்பங்கள், பழைய படங்களைத் திருத்தும் வேலை எல்லாம் அதில். நடுவில் இருந்தது அடையாள அட்டைப் படங்களுக்கு. மூன்றாவது, சுனாமிக்குப் பிறகு வந்த நிவாரண அமைப்பு ஒன்று திரும்பிப் போகும்போது கழித்துவிட்டுப் போனது. அதன் விசிறி, தோணி எஞ்சின் போலச் சத்தம் போடும். அதில் எந்த வேலையும் செய்ய முடியாது என்று முதலாளி அதன் மேல் ஒரு பூச்சாடி வைத்திருந்தார்.

முதல் வாரம் நான் எதையும் மாற்றவில்லை. எங்கிருந்து என்ன வருகிறது என்று ஒரு கொப்பியில் எழுதினேன். விளையாட்டுப் போட்டிப் படங்களோடு வந்த ஆசிரியர்: இரண்டு வைரஸ். சேர்ச் இளைஞர் குழு: ஒன்று, ஆனால் பெரியது. போன் கடைக்காரர்: எண்ணுவதை நிறுத்திக்கொண்டேன். முதலாளியின் சொந்த பென் ட்ரைவ்: இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் கடைக்கு இணைய இணைப்பு இல்லை. ஆகவே வருகிற எல்லாமே யாரோ ஒருவரின் சட்டைப் பையிலோ கைப்பையிலோதான் வந்துகொண்டிருந்தன.

கடைசியில் பூச்சாடியை இறக்கிவிட்டு, அந்தப் பழைய கணினியை வாசல் பக்கம் இழுத்துப் போட்டேன். கிருமி பிடிக்கும் மென்பொருளின் புதிய பட்டியலை வாரத்துக்கு ஒருமுறை இன்டர்நெட் கடையில் சீடியில் எழுதிக்கொண்டு வருவேன். எழுதி முடித்த சீடிக்குள் வழியில் எதுவும் ஏறாது. பென் ட்ரைவில் கொண்டுவந்தால் மருந்தோடு நோயும் சேர்ந்து வந்துவிடும். பிறகு ஏழு விதிகள் எழுதினேன். முதல் விதி, வெளியிலிருந்து வரும் எந்த பென் ட்ரைவும் வாசல் கணினியில் சோதிக்காமல் உள்ளே போகக் கூடாது. கடைசி விதி, வாரத்துக்கு ஒருமுறை எல்லா வேலைகளையும் சீடியில் எழுதி வைக்க வேண்டும்.

முதலாளிக்கு எதையும் லெமினேட் செய்தால்தான் நம்பிக்கை. விதிகளை லெமினேட் செய்து சுவரில் மாட்டினார். இரண்டாம் நாளே அதன் மேல் மார்க்கர் பேனாவால், ‘தெரிந்த ஆட்களுக்கு இல்லை’ என்று எழுதினார். நான் துடைத்தேன். மறுநாள் ஏழாவது விதியில் ‘வாரத்துக்கு’ என்பதை வெட்டி ‘மாதத்துக்கு’ என்று எழுதியிருந்தது. சீடி கலியாண வீட்டாருக்குக் கொடுக்கிற சாமானாம், வீணாக்கக் கூடாதாம். அதையும் துடைத்தேன், ஆனால் பூட்டியிருந்த சீடிப் பெட்டியின் திறப்பு அவரிடம் இருந்தது.

சோதிப்பது மெதுவான வேலை. வாடிக்கையாளர்கள் சினப்பார்கள், அவமானமாக எடுத்துக்கொள்வார்கள் என்று நான் பயந்தேன். கையில் ஒருவர் தருவதை உடனே வாங்காமல் சந்தேகமாகப் பார்ப்பது மரியாதை இல்லையே. ஆனால் எங்கள் ஆட்களை நான் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை. சோதிக்கிறார்கள் என்றதும் அவர்களுக்கு ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை. இருபது வருடப் பயிற்சி.

முதல் நாளே தானாக வரிசை உருவானது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நான் கேட்காமலே பென் ட்ரைவோடு அடையாள அட்டையையும் நீட்டினார்கள். ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் குடையை விரித்துக் காட்டினார். ஒருவர் பத்து மீட்டர் தள்ளியே சைக்கிளிலிருந்து இறங்கி அதை உருட்டிக்கொண்டு வந்தார். உள்ளே போய்விட்டு வருகிறவர்களிடம் வெளியில் நிற்பவர்கள் மெதுவாக விசாரிப்பது எனக்குக் கேட்கும்.

“எப்படி, கெடுபிடியா?”

“இல்ல மச்சான். நல்ல புள்ள. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு.”

மற்றப் பழக்கங்களும் கூடவே வந்தன. ‘எனக்கு முதலாளியத் தெரியும்’ என்று ஒருவர். ‘இதுக்குள்ள ஒண்டும் இல்ல புள்ள, சும்மா படம்தான்’ என்று எல்லோரும். பின்பக்கத்துத் தையல் கடை வழியாக முதலாளியின் அறைக்கு ஒரு குறுக்கு வழி இருப்பதை மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டார்கள். நான் அந்தக் கதவுக்கு உள்பக்கமாகப் பூட்டுப் போட்டேன். தையல்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

சோதித்து முடித்தவர்கள் மறுபடி மறுபடி என்னிடமே வந்து ‘இனி உள்ள போகலாமா’ என்று கேட்டுக்கொண்டிருந்ததால், ஒரு முறை வைத்தேன். சோதித்ததும் ஒரு சின்னத் துண்டில் ‘சோதிக்கப்பட்டது’ என்று முத்திரை குத்திக் கொடுப்பேன். துண்டைக் காட்டினால் முதலாளி பென் ட்ரைவை வாங்குவார். துண்டு இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார். அந்த முறையை நினைத்து எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இந்த நேரத்தில்தான் முதலாளி ஒரு மனிதரின் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

அந்த மனிதர் கதிரவெளிப் பக்கத்து மீன்பிடிக்காரர். சுனாமியில் போய்விட்டார். வீடும் வீட்டிலிருந்த படங்கள் எல்லாமும் அவரோடு போயின. அடையாள அட்டை அவர் சட்டைப் பையிலேயே போய்விட்டது. மிஞ்சியிருந்தது ஒரே ஒரு படம். சித்தாண்டியில் நடந்த ஒரு சொந்தக்காரக் கலியாணத்தில், பந்தியை எடுத்த படத்தின் ஓரத்தில் அவர் இருந்தார். வாழையிலைக்கு முன்னால் சப்பணம் கட்டி, இடது கன்னம் உப்பி, வாய் பாதி திறந்தபடி, சோறு போடுகிறவரை நோக்கி வலது கையை உயர்த்தியிருந்தார். ‘போதும்’ என்கிறாரா ‘இன்னும்’ என்கிறாரா என்று தெரியவில்லை. அந்த அல்பத்துக்குச் சொந்தக்காரர்கள் சுவிஸுக்குப் போகும் முன் அந்தப் படத்தை நாலு நாள் இரவல் கொடுத்திருந்தார்கள். அதைத்தான் அவருடைய மனைவி மூன்று மாதத்துக்கு முன் எங்களிடம் கொண்டுவந்து பிரதி எடுத்தார். நான் அவரை மாமி என்று கூப்பிடுவேன்.

மாமி கேட்டது சின்ன விசயம்தான். மகளுக்குக் கலியாணம். தாலி ஏறும் முன் மகள் தகப்பனின் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட வேண்டும். அதற்கு மாட்டக்கூடிய மாதிரி ஒரு படம் வேண்டும்.

“மாப்பிள்ளை வீட்டாக்கள் பாக்கிற படம் தம்பி. மனிசன் மரியாதையா இரிக்கோணும்.”

மரியாதை என்றால் எங்கள் முதலாளிக்கு ஒரே அர்த்தம்தான்: நீலக் கோட்டு, சிவப்பு டை. எப்போதோ யாரோ ஒரு வங்கி முகாமையாளரைப் படம் எடுத்தபோது அந்தக் கோட்டைக் கழற்றி வைத்துக்கொண்டார், கணினியில்தான். அதன் பிறகு வந்த எல்லோருக்கும் அதையே போட்டுவிடுவார். எங்கள் ஊரில் இறந்துபோன ஆண்களில் பாதிப் பேர் அதே கோட்டில்தான் சுவரில் தொங்குகிறார்கள். வாழ்நாளில் சாறனைத் தவிர வேறொன்றும் கட்டாதவர்கள்.

கோட்டு சுலபம். கையை எடுப்பதும் சுலபம். கன்னத்தை வற்ற வைக்க மூன்று வாரம் போனது. வாயை மூட இரண்டு மாதம். வாயை மூடினால் கண் சிரிக்கிறது, கண்ணைத் திருத்தினால் ஆள் கோபமாக இருக்கிறார். வேலை முடியும் வரை மாமியின் கண்ணில் காட்டவே மாட்டேன் என்று முதலாளி பிடிவாதமாக இருந்தார். எனக்குக் காட்டினார். உண்மையில் அருமையான வேலை. நீலக் கோட்டில் ஒரு கண்ணியமான, யாரோ ஒரு கந்தோர் உத்தியோகத்தர்.

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். வியாழன் காலை மாமி மகளோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். மகள் சட்டை வாங்கப் பின்பக்கத்துத் தையல் கடைக்குப் போனாள். மாமிக்கு எங்களிடம் இரண்டு வேலை. ஒன்று, கணவரின் படத்தை எடுத்துக்கொண்டு போவது. மற்றது, பந்தல் வாசல் பதாகைக்கு மாப்பிள்ளையின் படத்தைக் கொடுப்பது. அது மாப்பிள்ளையின் தம்பி கொடுத்த பென் ட்ரைவில் இருந்தது.

மாமி பெண்கள் வரிசையில் நின்றார். முறை வந்ததும் அடையாள அட்டையையும் ஒரு சிவப்பு பென் ட்ரைவையும் நீட்டினார். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பென் ட்ரைவைச் சொருகிப் பார்த்தேன். அவ்வளவு துப்புரவான பென் ட்ரைவை நான் அந்த வருடம் முழுவதும் பார்த்ததில்லை. வைரஸ் இல்லை. உண்மையில் ஒன்றுமே இல்லை. அந்த இடத்தில் நான் நிறுத்தி யோசித்திருக்க வேண்டும். ஆனால் என் ஏழு விதிகளில் ‘உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பார்’ என்று ஒன்று இல்லை. பின்னால் எட்டுப் பேர் நின்றார்கள். துண்டில் முத்திரை குத்திக் கொடுத்தேன். மாமி அதை வாங்கிக்கொண்டு பின்னறைக்குப் போனார். அங்கே முதலாளி டை முடிச்சின் நிழலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் பின்னறையிலிருந்து அவருடைய குரல் கேட்டது. பணிவான, கொஞ்சம் அவசரமான குரல்.

“ஓவ்… ஓவ்… ஓவ்.”

முத்திரையைக் கீழே வைத்தேன். சோதனைச் சாவடிகளில் சிங்களத்தில் என்ன கேட்டாலும் எங்கள் முதலாளியின் பதில் ‘ஓவ் மாத்தயா’, ‘ஆம் ஐயா’தான். எங்கே போகிறாய் என்றாலும் ஓவ். பெயர் என்ன என்றாலும் ஓவ். விளங்காத பாஷையில் கேள்வி வந்தால் ஆம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவதுதான் அவர் உயிரோடு இருப்பதற்குக் காரணம் என்று அவரே சொல்வார். இப்போது அவரை யார் கேள்வி கேட்கிறார்கள்?

ஓடிப்போய்ப் பார்த்தேன். திரையில் ஆங்கிலத்தில் ஒரு சின்னப் பெட்டி. கிருமி பிடிபட்டது, சுத்தப்படுத்த முடியவில்லை, இந்தக் கோப்பை அழித்துவிடவா என்று கேட்டிருந்தது. அதற்குக் கீழே, எல்லாவற்றுக்கும் இதே பதில்தானா என்றும் கேட்டிருந்தது. முதலாளி அதற்கும் ஓவ் சொல்லியிருந்தார்.

“பாத்தீங்களா தங்கச்சி, ஒண்டும் விடாமப் பிடிச்சிட்டன்,” என்றார் முகம் மலர.

“அண்ணன், நீங்க எதை அழிச்சிருக்கிறீங்க எண்டு பாருங்க.”

பார்த்தார். மாமியின் கணவருக்கென்று வைத்திருந்த கோப்புறை காலியாக இருந்தது. நீலக் கோட்டும் இல்லை, வாயும் இல்லை. முதலாளி எழுந்து, படம் கழுவுகிற பழைய இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த அறையில் இப்போது படம் கழுவுவதில்லை. விளக்குமாறும் வாளியும்தான் இருந்தன.

மாமி நாற்காலியில் இருந்தபடி என்னைப் பார்த்தார். கணினியில் சொருகியிருந்த பென் ட்ரைவை அப்போதுதான் கவனித்தேன். கறுப்பு.

“மாமி, நான் சோதிச்சது சிவப்புத்தானே?”

“ஓம் மகள்.” கைப்பையிலிருந்து சிவப்பை எடுத்துக் காட்டினார். “அது காட்டுறதுக்கு. இது உள்ளுக்குக் கொண்டு போறதுக்கு.”

“ஏன் மாமி ரெண்டு?”

“சோதிக்கிறாங்க எண்டு சொன்னாங்க. அதுதான் வார வழியில கடையில புதுசா ஒண்டு வாங்கினன்.” ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார். “சண்டைக் காலத்தில ஒருக்கா நாலு டோர்ச் பெற்றரி கொண்டு போனன். உள்ளதக் காட்டினன். அவ்வளவுதான், தடை எண்டு பறிச்சிட்டாங்க. அதுக்குப் புறகு எனக்குக் காட்டுற சாமான் வேற, கொண்டு போற சாமான் வேற. இது மாப்பிள்ளைட படம் மகள். உங்கட மெஷின் அத எடுத்து வச்சிக்கிட்டா நான் அந்தாக்களுக்கு என்ன சொல்லுற?”

அவர் பயந்ததில் பிழையில்லை. எங்கள் வாசல் கணினி அந்த மாதம் மூன்று பேரின் கோப்புகளை உண்மையாகவே அழித்திருந்தது. ஊரில் அந்தக் கதை பரவியிருந்திருக்கும்.

அந்தக் கறுப்பிலிருந்த கிருமி முதலாளி திறந்து வைத்திருந்த கோப்புறையில் ஏறியதையும், படம் போய்விட்டதையும் மாமியிடம் சொன்னேன். சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் கொண்டு வந்ததாலதானா?”

“மூண்டு காரணம் மாமி. நீங்க வேற ஒண்டக் காட்டினது ஒண்டு. நான் சாமானுக்குக் குத்தாம ஆளுக்கு முத்திரை குத்தினது ரெண்டு. அண்ணன் ஓவ் சொன்னது மூண்டு.”

“அப்ப எனக்குப் பங்கு மூண்டில ஒண்டு,” என்றார் மாமி. பிறகு, “எனக்கு அவர்ர படம் வேணும் மகள். ஞாயித்துக்கிழமை அவள் ஆரக் கும்பிடுவாள்?” என்றார்.

அழிந்த கோப்புகளை மீட்கும் மென்பொருள் ஒன்று என்னிடம் இருந்தது. ஓடவிட்டேன். ஒரு மணித்தியாலத்தில் பல கலியாணங்கள் திரும்பி வந்தன. மாமியின் கணவரும் வந்தார், நெற்றி வரைக்கும். அதற்குக் கீழே முழுவதும் சாம்பல் நிறம். மாமி அந்த நெற்றியைப் பார்த்து, “அவர்தான்,” என்றார். ஆனால் நெற்றியை மட்டும் கும்பிட முடியாது.

பிறகு சீடிகளைத் தேடினேன். முதலாளி மாதத்துக்கு ஒன்றுதான் எழுத விட்டிருந்தார். மூன்று மாதத்துக்கு மூன்று. கடைசி இரண்டையும், அவற்றில் அவர்களுடைய படங்களும் இருந்ததால், கலியாண வீட்டாருக்குக் கொடுத்துவிட்டதாக இருட்டறையிலிருந்து தகவல் வந்தது. முதலாவது இருந்தது. அதில் இருந்தது அவர் வேலையைத் தொடங்குவதற்கு முன் பிரதி எடுத்த படம். இலை, சோறு, உப்பிய கன்னம், தூக்கிய கை, எல்லாவற்றோடும்.

“இருக்கு!” என்றேன். கதவு திறந்தது.

இரண்டு மாதம் எடுத்து மூடிய வாயை இரண்டு மணித்தியாலத்தில் மூடுவதாகச் சொல்லி முதலாளி திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். கோட்டைப் போட்டார், டையைக் கட்டினார். வாய் மட்டும் அடங்கவில்லை. கடைசியில் வேறொரு படத்திலிருந்து ஒரு வாயை வெட்டி எடுத்து ஒட்டினார். நான் வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை. மாமியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

மாமி திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

“தம்பி, இது ஆர்ர வாய்?”

முதலாளி பொய் சொல்லப் பார்த்துவிட்டு, கைவிட்டார். “எங்கட மாமாட வாய் அக்கா. நல்ல மனிசன்.”

“அதுதான் ஒண்டும் பேசாம இரிக்கு. இந்த வாய எனக்குத் தெரியா.”

அந்த நேரம் மகள் தையல் கடையிலிருந்து சட்டைப் பொதியோடு உள்ளே வந்தாள். தகப்பன் போகும்போது அவளுக்குப் பதினைந்து வயது. நீலக் கோட்டைப் பார்த்தாள்.

“இது ஆரு?”

“உங்கட அப்பாதான் தங்கச்சி, கொஞ்சம் திருத்தி…” என்று முதலாளி இழுத்தார்.

“எங்கட அப்பாவா? வங்கியில வேலை செய்ற ஆள் மாதிரி இரிக்கார். நானே கடன் கேட்டிருப்பன்.” அவள் என் பக்கம் திரும்பினாள். “அக்கா, திருத்தாத படம் இரிக்கா?”

நான் முதலாளியைப் பார்க்கவில்லை. திறந்து காட்டினேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, பாருங்கவன். இது சித்தாண்டிக் கலியாணம். மூண்டாவது தரம் சோறு வாங்கினவர். வீட்ட வரும் வரைக்கும் நீங்க அவரோட பேசல்ல. எனக்கு இதுதான் வேணும்.”

“உனக்கு என்ன பைத்தியமாடி? கலியாண வீட்டில, சோத்தோட இரிக்கிற மனிசனுக்கு மாலை போடுறதா? மாப்பிள்ளை வீட்டாக்கள் என்ன சொல்லுவாங்க?”

“பசியான ஆள் எண்டு சொல்லுவாங்க. உண்மைதானே?”

“கோட்டோட நல்லா…”

“கோட்டோட ஆரையோ நான் விழுந்து கும்பிட மாட்டன். முதல் அவர எனக்குத் தெரியோணும்.”

முதலாளி தொழில்முறைக் கவலையோடு இடையில் புகுந்தார். “அக்கா, கையையாவது எடுத்து விடுறன். கை நல்லா இல்ல.”

“அந்தக் கைய விடுங்க தம்பி,” என்றார் மாமி. குரல் மாறியிருந்தது. நாற்காலியை இழுத்துத் திரைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நாங்கள் யாரும் இல்லாதது போல அந்தப் படத்தோடு பேசத் தொடங்கினார். “சொன்னன்தானே. ஆக்கள் பாக்கிறாங்க, போதும் எழும்புங்க எண்டு பொம்பிளைகள்ற பக்கத்தில இருந்து கண்ணக் காட்டினன். என்னப் பாத்திட்டுத்தான் இன்னும் போடச் சொல்லிக் கையக் காட்டினது. எனக்குத் தெரியும்.”

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது, அது ‘போதும்’ இல்லை, ‘இன்னும்’ என்று.

தோணி எஞ்சின் சத்தத்தோடு வாசலில் என் கணினி ஓடிக்கொண்டிருந்தது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துவிட்டுத் திரையில் விரலை வைத்தார்.

“கன்னத்தில ஒரு சோத்துப் பருக்கை இரிக்கு, தெரியுதா? அத மட்டும் துடைச்சு விடுங்க. மத்தது இரிக்கட்டும்.”

முதலாளி படத்தைப் பெரிதாக்கி, மெதுவாக அந்தப் பருக்கையைத் துடைத்தார். மூன்று மாத வேலைக்குப் பதிலாக மூன்று நிமிடம். அவர் அதைவிடக் கவனமாக ஒரு வேலையைச் செய்து நான் பார்த்ததில்லை. நான் மாப்பிள்ளையின் படத்தை வாசல் கணினியில் கிருமி நீக்கிப் பதாகைக்கு எடுத்துக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து துண்டு கொடுப்பதை நிறுத்தினேன். சோதித்த பென் ட்ரைவிலேயே ஒரு பச்சை நூலைக் கட்டி, நானே உள்ளே கொண்டுபோய் முதலாளியின் கையில் கொடுத்தேன். பின்னறைக் கணினியில் அந்தச் சின்னப் பெட்டி வந்தால் எதையும் தொடாமல் என்னைக் கூப்பிட வேண்டும் என்று எட்டாவது விதி எழுதினேன். அவர் எதிர்ப்பின்றி லெமினேட் செய்தார். ஏழாவது விதியில் ‘வாரத்துக்கு’ என்பதை மார்க்கர் பேனாவால் அவரே மறுபடி எழுதினார். சீடிப் பெட்டியின் திறப்பும் என்னிடம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி படம் எடுக்கப் போனார். மாமி வரச் சொல்லியிருந்ததால் நானும் போனேன். பந்தலுக்குள், மணவறைக்குப் பக்கத்தில், வெள்ளைத் துணி விரித்த நாற்காலியில் படம் இருந்தது. மல்லிகை மாலைக்கு நடுவில் உப்பிய கன்னம், தூக்கிய கை. மகள் விழுந்து கும்பிட்டாள். எழும்பும்போது அவள் முகத்தில் இருந்ததை அழுகை என்றும் சொல்ல முடியாது, சிரிப்பு என்றும் சொல்ல முடியாது. மாப்பிள்ளை மாமனாரை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். சிரிக்கலாமா என்று தெரியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு சாப்பாடு தொடங்கியது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் கை கழுவிவிட்டு வந்து, படத்துக்கு முன்னால் நின்று, கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார்.

“என்ன சம்பந்தி, இவர் இன்னும் சாப்பிட்டு முடியல்லயா?”

மாமி நிமிர்ந்து பார்த்தார். மூன்று மாதமாக அவர் பயந்துகொண்டிருந்த கேள்வி அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

“இல்ல. அவர் ஆறுதலா, மெல்ல மெல்லத்தான் சாப்பிடுவார்,” என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். “நீ என்ன மகள் நிக்கிறாய்? அடுத்த பந்தி போடுறாங்க. போய் இரி.”